அக்கா வீட்டு அடுப்பும் கடலடிக் குழாயும்: வேலூரில் ஐந்து நாள்

முதல் நாள்: காட்பாடி

காட்பாடியில் இறங்கும்போதே மணி பதினொன்று. என்னோடு இறங்கியவர்களில் பாதிப் பேர் வங்காளம் பேசினார்கள். கையில் எக்ஸ்ரே கவர், முகத்தில் இரண்டு நாள் ரயில் தூக்கம். வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள். அந்தக் கவர்களைப் பார்த்தால் எனக்கு வாங்கிப் பார்க்கக் கை நீளும். முப்பது வருஷம் எக்ஸ்ரே பார்த்தே வயிறு வளர்த்தவன் நான். என்ன, அவர்களுடையது எலும்புப் படம், என்னுடையது இரும்புப் படம்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வரி. 1990லிருந்து கடலில் குழாய் பதிக்கும் பார்ஜ்களில், அதாவது தட்டையான பெரிய வேலைக் கப்பல்களில், வேலை பார்த்தேன். முதலில் வெல்டர், பிறகு வெல்டிங் இன்ஸ்பெக்டர். மும்பைக் கடல், காக்கிநாடா, அபுதாபி. சொந்த ஊர் இந்தப் பக்கம்தான். லீவில் வந்தால் இரண்டு நாளில் ஓடிவிடுவேன். இந்த முறை சத்துவாச்சாரியில் அக்கா வீட்டில் ஐந்து நாள்.

அக்காவே கூப்பிட்டாள். கூப்பிட்டது பாசத்தில் மட்டும் இல்லை. தெருவில் கேஸ் குழாய் வந்துவிட்டது, வீட்டுக்கு இணைப்பு வேண்டுமா என்று படிவம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மாமா போட்டுவிடலாம் என்கிறார். அக்கா முடியாது என்கிறாள். "நீதானே கடல்ல பைப்பு போட்டே, வந்து சொல்லு" என்று போனில் உத்தரவு.

மத்தியானச் சாப்பாடு இறங்குவதற்குள் பஞ்சாயத்து ஆரம்பமானது. வெயில் ஓட்டுக்கூரையைப் பிளக்கிறது, ஃபேன் அனல் காற்றை வாரி இறைக்கிறது. நான் ஒரு இன்ஸ்பெக்டருக்குரிய தோரணையோடு விளக்கினேன். சிலிண்டர் வாயு காற்றை விட கனம், கசிந்தால் தரையில் தேங்கும். குழாயில் வருவது மீத்தேன், காற்றில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் எடை, கசிந்தால் மேலே போய் ஜன்னல் வழியாக வெளியேறும். அடுப்புக்கு வரும்போது அழுத்தம் வெறும் 21 மில்லிபார், பலூன் ஊதுகிற பலம்கூட இருக்காது. வாசனையே இல்லாத வாயு. கசிந்தால் தெரியவேண்டுமென்றே நாற்றத்துக்கு ஒரு சரக்கு கலக்கிறார்கள்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சிலிண்டர்னா கண்ணு முன்னாடி கீது. திருகினா மூடிக்கும். இது எங்கிருந்தோ வந்துக்கினே இருக்கும். நிறுத்தணும்னா யாரை நிறுத்தச் சொல்றது?"

வீட்டுச் சுவருக்கு வெளியே ஒரு வால்வ் இருக்கும், அடுப்புக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கும் என்றேன்.

"தெருவுல ஜேசிபி வந்து தோண்டிட்டா?"

மாமா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருஷத்தில் என்னோடு பாதுகாப்புக் கூட்டத்தில் உட்கார்ந்த பாதிப் பேர் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

இரண்டாம் நாள்: சத்துவாச்சாரி, கோட்டை

காலை ஆறரைக்கே தெருவில் சத்தம். மெயின் குழாய் போன வருஷமே போட்டாயிற்றாம், இப்போது வீட்டு இணைப்பு. முழங்காலுக்கு மேல் ஆழமாக ஒரு பள்ளம், அதில் ஒரு பையன் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து மஞ்சள் பிளாஸ்டிக் குழாயின் முனையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். டீ டம்ளரோடு பக்கத்தில் போய் நின்றேன். பழக்க தோஷம்.

மேல்தோலைச் சீராகச் சுரண்டி, துடைத்து, கப்ளர் என்ற இணைப்பு வளையத்துக்குள் இரண்டு முனையையும் செருகி, கிளாம்ப் போட்டு, மிஷினில் ஒயரை மாட்டினான். கப்ளருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் சூடாகி இரண்டு பிளாஸ்டிக்கையும் உருக்கி ஒன்றாக்கிவிடும். மேலே இரண்டு குட்டிக் குமிழ்கள் எழும்பின. அதற்குப் பிறகுதான் பரீட்சை: ஆறும் வரை கிளாம்பைக் கழற்றக் கூடாது. அவசரக்காரன் இங்கேதான் மாட்டுவான். பையன் போனை எடுத்து ரீல்ஸ் பார்த்தபடி முழு நேரமும் காத்திருந்தான். மனசுக்குள் பாஸ் போட்டேன்.

"சார் கம்பெனியா?" என்றான் சந்தேகமாக.

"இல்லப்பா. நான் கடல்ல போட்டவன்."

"கடல்லயா? உள்ள முழுவியா போடுவீங்க?"

எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள். நான் முழுகியதே இல்லை. கடலடிக் குழாயைக் கடலுக்கு மேலேதான் வெல்டிங் செய்கிறோம். பார்ஜின் உடம்பு நெடுக வரிசையாக நிலையங்கள். ஒவ்வொரு குழாயும் நாற்பது அடி, 12.2 மீட்டர். முதல் நிலையத்தில் இரண்டு முனைகளையும் உள்ளேயிருந்து கிளாம்ப் கவ்விப் பிடிக்க, ரூட் ஓட்டுவோம், அதாவது அடிப்பகுதி வெல்டிங். அடுத்ததில் ஹாட் பாஸ் என்ற இரண்டாவது அடுக்கு. அப்புறம் இடைவெளியை நிரப்பும் ஃபில், மேலே மூடும் கேப். அதற்கடுத்து எக்ஸ்ரே, இப்போதெல்லாம் பெரும்பாலும் அல்ட்ராசானிக். கடைசியில் இணைப்பின் மேல் துரு பிடிக்காத பூச்சு. எல்லா நிலையத்திலும் ஒரே நேரத்தில் வேலை நடக்கும். எல்லோரும் பச்சை விளக்குப் போட்டதும் நங்கூரக் கயிற்றைச் சுருட்டும் ஆங்கர் வின்ச்சுகள் இழுக்க, பார்ஜ் நாற்பது அடி முன்னே போகும். வேடிக்கை என்னவென்றால், குழாய் இருந்த இடத்திலேயே இருக்கும். எங்கள் காலடியில் கப்பல்தான் நகரும். பின்பக்கம் ஸ்டிங்கர் என்று ஒரு நீண்ட இரும்புச் சாய்வு. அதன் மேல் வளைந்து குழாய் தண்ணீருக்குள் இறங்கும். தரையைத் தொடும் இடத்தில் எதிர்ப்பக்கமாக இன்னொரு வளைவு. இறங்குகிற குழாயை டென்ஷனர் ராட்சதப் பிடியாக இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். பிடி தளர்ந்தால் குழாய் கரும்பு மாதிரி மடங்கிவிடும்.

சேர்ந்த முதல் வருஷம் நான் வெல்டிங் செய்த ஜாயிண்ட் ஒன்று எக்ஸ்ரேயில் தோற்றது. கொத்தாகக் காற்றுக் குமிழ்கள். எலக்ட்ரோடில், அதாவது வெல்டிங் குச்சியில், ஈரம். கட் அவுட் என்றார்கள், அதாவது வெட்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து. அத்தனை நிலையமும் நிற்கிறது. முன்னூறு பேர் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்க்கிறார்கள். யாரும் திட்டவில்லை. ஒரு பிலிப்பைன்ஸ்காரர் மட்டும் வந்து தோளில் தட்டி ஒரு சாக்லேட் கொடுத்தார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

பையனிடம் தெரு வால்வ் எங்கே என்று கேட்டேன். "முனையில பிட் கீது சார்" என்று கையைக் காட்டினான். அவன் காட்டிய திசையில் புது சிமென்ட் ரோடுதான் பளபளத்தது.

சாயங்காலம் அக்கா பையன் (காலேஜில் படிக்கிறான்) என்னைக் கோட்டைக்கு அழைத்துப் போனான். தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைக் கேலி செய்வார்கள். கோயிலுக்கு 1981ல் சாமி திரும்பி வந்துவிட்டார், ஜலகண்டேஸ்வரர். மற்ற இரண்டும் அப்படியே. அகழிக் கரையில் உட்கார்ந்திருக்கும்போது மருமகன் கேட்டான்: "மாமா, எங்க வீட்டுக்கு வரப்போற கேஸ் நீங்க போட்ட பைப்புல வர்றதா?"

இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. மும்பைக் கடலில் பம்பாய் ஹை என்ற இடத்தில் 1974ல் எண்ணெய் கண்டுபிடித்தார்கள், 1976ல் எடுக்க ஆரம்பித்தார்கள். அந்தக் கடலின் வாயு உரானிலும் ஹசீராவிலும் கரையேறி வடக்கே போகிறது. காக்கிநாடாவுக்குக் கிழக்கே ஆழ்கடலில் 2009ல் பிறந்த வாயு காடிமொகாவில் கரையேறி, மேற்கே பரூச் வரை கிட்டத்தட்ட 1,400 கிலோமீட்டர் போகும் குழாயில் சேர்கிறது. நம் பரங்கிப்பேட்டைப் பக்கத்துக் கடலிலிருந்தும் பிள்ளைப்பெருமாள்நல்லூருக்கு ஒரு குழாய் போட்டார்கள், மின்சாரத்துக்கு. வடதமிழ்நாட்டுக்கு வாசல் எண்ணூர்தான். அங்கே 2019லிருந்து வெளிநாட்டு வாயு கப்பலில் இறங்குகிறது, மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்துத் திரவமாக. அறுநூறு பங்கு வாயு ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

"அப்ப நீங்க போட்டதுல ஒண்ணுகூட நம்மளுக்கு இல்லையா?"

பொரி வாங்கித் தின்றோம்.

மூன்றாம் நாள்: விரிஞ்சிபுரம்

மார்க்கபந்தீஸ்வரர் கோயில். திருவாரூர்த் தேரழகு, விரிஞ்சிபுரம் மதிலழகு என்பார்கள், மதில் அழகுதான். உள்ளே பிறை வடிவத்தில் நேரம் காட்டும் கல் ஒன்று. குச்சியை வைத்தால் நிழல் விழுகிற இடம் மணி. என் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டேன், வம்பு வேண்டாமென்று முடிவைச் சொல்லாமல் விடுகிறேன்.

உண்மையில் இன்றைக்கு எழுத வேண்டியது கோயிலைப் பற்றி இல்லை, பாலாற்றைப் பற்றி. ஆறு முழுக்க மணலும் சீமைக்கருவேலமும். ஆனால் இந்த ஆறு செத்துப்போனது என்று சொன்னால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். தண்ணீர் மணலுக்கு அடியில் ஓடுகிறது. அந்தக் காலத்தில் மணலைக் கீறி ஊற்றுக்கால் வெட்டி வயலுக்குக் கொண்டுபோனார்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஓடுவதை நம்பிப் பிழைத்த ஜனம்.

கரையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் இளநீர் குடித்தேன். எழுபது தாண்டியிருக்கும். பேச்சு 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் போனது. அந்த வருஷம் பாலாறு இரண்டு கரையும் தொட்டு ஓடியது. ஆற்றோரம் மூன்றடி ஆழத்தில் புதைத்திருந்த அவருடைய பிவிசி குழாய் வெள்ளத்தில் மேலே வந்துவிட்டதாம்.

"அடிச்சிக்கினு போச்சா?" என்று கேட்டேன்.

"அடிச்சிக்கினு போவல சாமி. எழும்பிச்சி. மோட்டார் நின்னு போயி காலியா கீது இல்ல, மண்ணு ஊறி கூழாட்டம் ஆனதும் பாம்பு மாதிரி தலைய தூக்கிக்கினு மேல வந்துடுச்சி. தண்ணி நிறைய இருந்த லைன் அப்டியே கீது பார், அசையல."

இளநீரைக் கீழே வைத்துவிட்டேன். கடலில் குழாய் போடுகிறவன் முதல் மாதத்தில் கற்றுக்கொள்கிற பாடத்தை அவர் ஒரு வெள்ளத்தில் கற்றிருக்கிறார்.

கணக்கைச் சொல்கிறேன், பள்ளிக்கூடப் பையன் போட்டுப் பார்க்கலாம். 36 அங்குலக் குழாய், 19 மில்லிமீட்டர் தடித்த எஃகு. ஒரு மீட்டர் நீளம் சுமார் 420 கிலோ. நான்கு ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. அதே ஒரு மீட்டர் கடலில் விலக்குகிற நீரின் எடை 670 கிலோவுக்கு மேல். அதாவது இவ்வளவு இரும்பும் கடலில் மிதக்கும்! உள்ளே எண்ணெய் ஓடினால் அந்தக் கனமாவது உதவும். வாயு என்ன கனம் சேர்த்துவிடப் போகிறது? அதனால் குழாய்க்குக் கான்கிரீட் சட்டை போடுகிறோம். இரும்புத்தாது கலந்த கனத்த கான்கிரீட், குழாயின் அளவையும் கடலையும் பொறுத்து நாலு அங்குலம் வரைகூட. கரையிலேயே பூசி, இரண்டு முனையில் மட்டும் வெல்டிங்குக்கு இடம் விட்டு அனுப்புவார்கள். நடுநடுவே வளையல் மாதிரி அலுமினிய உலோகக்கலவைப் பட்டைகள். துரு அந்த வளையலைத் தின்றுகொண்டிருக்கும் வரை எஃகைத் தொடாது.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். கான்கிரீட் சட்டை அவருக்குப் பிடித்திருந்தது. "அப்ப நானும் நாலு கல்லைக் கட்டி வச்சிருக்கணும்" என்றார். இளநீருக்குக் காசு வாங்க மாட்டேன் என்று அடம்.

இன்னொன்றும் கேட்டார்: தரை மேடும் பள்ளமுமாக இருந்தால்? அப்படித்தான் இருக்கும். பள்ளத்தின் மேல் குழாய் பாலம் போலத் தொங்கும். கீழே நீரோட்டம் போகும்போது வீணைத் தந்தி மாதிரி அதிரும், வருஷக்கணக்கில் அதிர்ந்தால் வெல்டு சோர்ந்து போகும். அந்த இடங்களில்தான் ஆள் முழுகிப் போய், அல்லது ரோபோவை இறக்கி, சிமென்ட்டுப் பைகளால் முட்டுக் கொடுப்பார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, இல்லாவிட்டால் அவர் சாயங்காலம் வரை விட்டிருக்க மாட்டார்.

நான்காம் நாள்: ஆம்பூர்

பிரியாணி. சீரகச் சம்பா அரிசி, கூட எண்ணெய்க் கத்திரிக்காய். விறகடுப்பில்தான் தம் போடுகிறார்கள். "எங்க தெருவுக்குப் பைப்புல கேஸ் வருதாமே, நீங்க மாறலையா?" என்று கல்லாவில் இருந்தவரைக் கேட்டேன். பதில் சொல்லாமல் இன்னொரு கரண்டி சோறு வைக்கச் சொன்னார். திரும்பும் வழியில் பஸ்ஸில் தூங்கிவிட்டேன்.

ஐந்தாம் நாள்: தெருமுனை

காலையில் அக்கா இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். முள் குத்தாமல் காம்பைப் பிடிக்கும் லாவகம் அம்மாவிடமிருந்து வந்தது. படிவம் ஃப்ரிட்ஜ் மேலே, தண்ணீர் பாட்டிலுக்கு அடியில். முதல் நாள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்பது இருவருக்கும் தெரியும். சரி என்று தரையில் உட்கார்ந்து இரண்டு கதை சொன்னேன்.

முதல் கதை 1988 ஜூலை 6. ஸ்காட்லாந்துக்குக் கிழக்கே வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய், வாயு எடுக்கும் மேடை. இரவு பத்து மணிக்கு ஒரு பம்ப் பக்கம் கசிவு, வெடிப்பு. அது மட்டும் என்றால் இத்தனை பேர் போயிருக்க மாட்டார்கள். பக்கத்து மேடைகளிலிருந்து வாயுக் குழாய்கள் இந்த மேடைக்கு வந்தன. இருபது நிமிஷம் தீயில் வெந்த ஒரு குழாய் பிளந்தது. கடலடியில் கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடந்த குழாய், உள்ளே காற்றழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கு மேல் அழுத்தத்தில் அடைத்த வாயு. அத்தனையும் அந்த ஒரு வாய் வழியாகத் தீயில் கொட்டியது. குழாய் பிளந்த இடத்துக்கும் கடலுக்கும் நடுவில் மூடுவதற்கு எதுவும் இல்லை. 167 பேர். அதற்குப் பிறகுதான் குழாய் மேடையேறும் இடத்தில், எவ்வளவு கீழே முடியுமோ அவ்வளவு கீழே, தானாக மூடிக்கொள்ளும் வால்வ் வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். பல குழாய்களுக்குக் கடல் தரையிலேயே வால்வ் வைத்தார்கள்.

இரண்டாவது நம் நாட்டில், 2005 ஜூலை 27, பம்பாய் ஹை வடக்கு மேடை. கடலில் நின்ற ஒரு கப்பலில் சமையல்காரர் ஒருவருக்குக் கத்தி பட்டு விரல் துண்டானது. மழைக்காலம், கடல் கொந்தளிப்பு, ஹெலிகாப்டர் பறக்க முடியாது. மேடையில் வைத்தியம் பார்க்கலாம் என்று கப்பலை நெருக்கி, ஆளைக் கூடையில் வைத்து மேலே ஏற்றினார்கள். ஏற்றியும் விட்டார்கள். விலகும்போது அலையில் கப்பல் மேடையோடு மோதி, செங்குத்தாக மேலேறும் குழாயை இடித்துவிட்டது. கசிந்த வாயு பற்றிக்கொண்டது. இரண்டு மணி நேரத்தில் மேடையே இல்லை. 22 பேர் இறந்துபோனார்கள்.

அக்கா அரிவாள்மணையை மடக்கி வைத்தாள். "விரல் வெட்டிக்கினதுக்கா?" என்றாள். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை. சமையல்காரர்களைப் பற்றிய செய்தி எதுவும் அவளுக்குச் சொந்தக்காரர் செய்தி மாதிரி.

"சரி, நம்ம தெருவோட வால்வ காட்டு" என்றாள்.

போனோம். அவள், நான், மருமகன், பின்னால் மாமா. பையன் கை காட்டிய முனையில் சிமென்ட் ரோடு வழவழவென்று கிடந்தது. மூடியைக் காணோம். குழாய் போட்டவர்கள் ஒரு கணக்கு, ரோடு போட்டவர்கள் வேறு கணக்கு. இவர்கள் போட்டதன் மேலே அவர்கள் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். கடலிலும் இது உண்டு: வரைபடத்தில் குழாய் இருக்கும் என்பதற்காகக் கப்பல்காரன் வரைபடம் பார்ப்பான் என்று அர்த்தமில்லை. ஆழம் குறைந்த இடத்தில் கால்வாய் வெட்டிப் புதைப்பது ஆங்கருக்குப் பயந்துதான்.

மருமகன் கடப்பாரை கொண்டுவந்தான். நான் இடம் இடமாகத் தட்டிக்கொண்டே போனேன். டங், டங், டங். வெல்டர் காது இதற்காவது உதவட்டும். தெருவிளக்குக் கம்பத்திலிருந்து நாலு எட்டில் சத்தம் மாறியது. தொப், தொப் என்று காலியாக.

பள்ளம் வெட்டிய பையனைக் கூப்பிட்டோம். அவன் போன் போட, ஒரு மேஸ்திரி பைக்கில் வந்தார், தோளில் டீ வடிவ நீளச் சாவி. ரோட்டைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். ரோட்டை உடைக்க யாரைக் கேட்க வேண்டும் என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாமா இரண்டு போடு போட்டுவிட்டார். மூடி விளிம்பு தெரிந்தது. தூக்கினால் குழி முழுக்க மணலும் ஜல்லியும், நடுவில் ஒரு தவளை. பையன் குனிந்து கையாலேயே அள்ளிக் கொட்டினான்.

இந்தத் தெருவுக்கு இன்னும் வாயு விடவில்லை, திருப்பிப் பார்க்கலாம் என்றார் மேஸ்திரி. அக்கா தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "குடுங்க" என்று சாவியை வாங்கினாள்.

"எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம். கால் வட்டம்தான்கா."

இறுக்கமாக இருந்தது. மணல் நெரியும் சத்தம். இரண்டாவது முறை மூச்சுப் பிடித்துத் திருப்பினாள். நின்றது. மறுபடி இடப்பக்கம் திருப்பித் திறந்து, மறுபடி மூடிப் பார்த்தாள். மேஸ்திரி சிரித்துக்கொண்டே சாவியைக் கேட்டார். அவள் கொடுக்கவில்லை.

"இது எங்க இருக்கும்?"

"ஆபீஸ்லமா."

"ஆபீஸ் எங்க கீது?"

"காட்பாடிப் பக்கம்மா. போன் பண்ணா அரை மணி நேரத்துல வந்துடுவோம்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தவளை போன திசையைப் பார்த்தேன்.

படிவம் இன்னும் ஃப்ரிட்ஜ் மேலேதான் இருக்கிறது. நாளைக் காலை ஆறு மணிக்கு எனக்கு ரயில்.